கட்டியை எடுத்த பிறகும் மருந்து எதற்கு?

கீமோதெரபி மருந்துகள் உடலுக்குள் செய்யும் வேலை - தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை



புற்றுநோய் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பங்களிடையே மூன்று கேள்விகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். முதலாவது: "அம்மாவுக்குத்தான் கட்டியை அறுத்து எடுத்துவிட்டார்களே, பிறகு எதற்கு இந்த மருந்து?" இரண்டாவது: "பக்கத்து வீட்டு மாமாவும் கீமோதான் எடுத்தார். அவருக்கு முடி கொட்டவில்லை. அம்மாவுக்கு மட்டும் ஏன்?" மூன்றாவது: "நான்கு முறை ஏற்றியாகிவிட்டது. உடம்பு தாங்கவில்லை. இத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன?"

இந்த மூன்றாவது கேள்விதான் ஆபத்தானது. ஏனென்றால் அது பெரும்பாலும் மருத்துவரிடம் கேட்கப்படுவதில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் கேட்கப்படுகிறது. பதிலும் அங்கேயே சொல்லப்படுகிறது. அடுத்த தேதி வரும், நோயாளி வரமாட்டார்.

மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த மருந்துகள் உடலுக்குள் போய் என்ன செய்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு பெயர், பல மருந்துகள்

கீமோதெரபி என்பது ஒரு மருந்தின் பெயரன்று. வெவ்வேறு வழிகளில் வேலை செய்யும் பல வகை மருந்துகளுக்குச் சேர்த்து வைத்த பொதுப்பெயர். அவற்றுள் சில போர்க்கள நச்சிலிருந்து வந்தவை. சில செடியிலிருந்தும் மரப்பட்டையிலிருந்தும் வந்தவை. சில மண்ணில் வாழும் கிருமியிலிருந்து வந்தவை. ஒன்று பிளாட்டினம் என்னும் உலோகத்திலிருந்து வந்தது. ஆனால் அவை அனைத்தும் குறிவைப்பது ஒரே நிகழ்ச்சியை. அதுதான் உயிரணு இரண்டாகப் பிரிவது.

உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் தேவைப்படும்போது மட்டும் பிரிகின்றன. தேவை முடிந்ததும் நின்றுவிடுகின்றன. கையில் வெட்டுக்காயம் பட்டால் தோல் வளர்ந்து மூடுகிறது. மூடியதும் வளர்ச்சி நிற்கிறது. புற்று உயிரணுவுக்கு இந்த "போதும்" என்ற கட்டளை கேட்பதில்லை. அது பிரிந்துகொண்டே இருக்கிறது.

ஓர் உயிரணு இரண்டாவதை, ஒரு கூட்டுக் குடும்பம் இரண்டு வீடாகப் பிரிவதோடு ஒப்பிடலாம். முதலில் வீட்டிலுள்ள பத்திரங்களையெல்லாம் ஓர் எழுத்துக்கூட விடாமல் நகல் எடுக்க வேண்டும். அந்தப் பத்திரம்தான் டி.என்.ஏ. என்னும் மரபு இழை. ஒரே உயிரணுவில் இருக்கும் இந்த இழையை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும். அது 46 கட்டுகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நகல் எடுக்கத் தாளும் மையும் வேண்டும். சுருளைப் பிரிக்கவும் திரும்பச் சுருட்டவும் ஆள் வேண்டும். கடைசியாக, ஆளுக்கொரு பங்காகக் கயிறு கட்டி இரு பக்கமும் இழுத்துக் கொடுக்க வேண்டும்.

பத்திரம், தாளும் மையும், சுருள், கயிறு. இந்த நான்கில் எதைக் கெடுத்தாலும் பாகப்பிரிவினை நடக்காது. கீமோதெரபி மருந்துகளின் முக்கியமான நான்கு வகைகளும் இந்த நான்கைத்தான் கெடுக்கின்றன.

பத்திரத்தைக் கெடுக்கும் மருந்து

முதல் வகையின் கதை போரில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் மஸ்டர்ட் வாயு என்னும் நச்சு பயன்படுத்தப்பட்டது. அதற்குப் பலியானவர்களின் உடலைச் சோதித்தபோது, இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது. 1943 டிசம்பர் 2ஆம் தேதி இத்தாலியின் பாரி துறைமுகத்தை ஜெர்மானிய விமானங்கள் தாக்கியபோது, 'ஜான் ஹார்வி' என்ற அமெரிக்கக் கப்பலில் இரகசியமாக ஏற்றிவந்த மஸ்டர்ட் குண்டுகள் வெடித்தன. அங்கும் மருத்துவர்கள் அதையேதான் கண்டார்கள்.

அதற்கு முன்பே, 1942இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் என்ற இரு மருந்தியல் அறிஞர்கள் இதைத் திருப்பிப் போட்டுச் சிந்தித்தார்கள். வெள்ளை அணுக்களை அழிக்கும் நச்சு, வெள்ளை அணுக்களே புற்றாக மாறிய நோயில் பயன்படாதா? நிணநீர்ப் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற மருந்து ஊசி வழி கொடுக்கப்பட்டது. கழுத்திலிருந்த கட்டிகள் சில நாளில் கரைந்தன. ஆனால் நோய் திரும்பி வந்தது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. போர்க்கால இரகசியம் என்பதால் 1946 வரை இது வெளியிடப்படவும் இல்லை. இருந்தாலும் வழி திறந்துவிட்டது.

இந்த மருந்துக்கு இரண்டு கைகள் உண்டு. டி.என்.ஏ. என்பது இரட்டை இழை. ஒரு கை ஓர் இழையைப் பிடிக்கும். மறு கை எதிர் இழையைப் பிடிக்கும். இரண்டு தாள்களையும் பசை போட்டு ஒட்டியதுபோல் ஆகிவிடும். பிரிக்க முடியாத பத்திரத்தை நகல் எடுக்க முடியாது. இன்று மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு இதன் வாரிசுதான். அது உடலுக்குள் போகும்போது சும்மா இருக்கும். கல்லீரல் அதை மாற்றிய பிறகே வேலை தொடங்கும். அப்போது உண்டாகும் ஒரு கழிவுப்பொருள் சிறுநீர்ப்பையை அரிக்கும். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று தாதிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

பிளாட்டினம் மருந்தான சிஸ்பிளாட்டினும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. அது கிடைத்தது தற்செயலாக. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், கிருமிகள் இருந்த நீரில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். கிருமிகள் பிரியாமல் நீள நீளமாக வளர்ந்தன. காரணம் மின்சாரம் அன்று. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். கிருமி பிரிவதைத் தடுப்பது புற்று உயிரணு பிரிவதையும் தடுக்காதா என்று கேட்டார். தடுத்தது. இளைஞர்களுக்கு வரும் விதைப்பைப் புற்றுநோய், உடலில் பரவிய பிறகும் பெரும்பாலும் குணமாகும் நோயாக மாறியது இந்த மருந்தால்தான். ஆனால் இது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அதனால்தான் மருந்து ஏற்றும்போது உப்புநீரும் தாராளமாக ஏற்றப்படுகிறது.

போலி மை

இரண்டாவது வகை, நகல் எடுக்க வேண்டிய தாளிலும் மையிலும் கலப்படம் செய்வது. இதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு.

எல்லப்பிரகடா சுப்பாராவ் 1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1920களில் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு செய்து, பிறகு லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்குழுவை வழிநடத்தினார். ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது அவருடைய குழு.

பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைப் பார்த்துவந்தார். அந்த நாளில் அது உறுதியான மரணம். ஃபோலிக் அமிலம் அந்த நோயை மேலும் வேகப்படுத்துவதாக அவருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைச் செய்யாத ஒரு போலியைக் கொடுத்தால்? சுப்பாராவின் குழு அப்படியொரு போலியைச் செய்து கொடுத்தது. அமினோப்டெரின் என்பது அதன் பெயர். ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். 10 குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. 1948இல் இந்தச் செய்தி வெளியானபோது பலர் நம்ப மறுத்தார்கள். அந்த முன்னேற்றம் சில மாதங்களே நீடித்தது என்பதும் உண்மை. சுப்பாராவ் அதே ஆண்டு காலமானார். அமினோப்டெரினின் தம்பியான மெதோட்ரெக்சேட் இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது.

மரபு இழையின் எழுத்துகளைச் செய்வதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. போலி வந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டால், உயிரணு எழுத்துக்கு அலைந்து பட்டினி கிடந்து சாகும். 1957இல் சார்லஸ் ஹைடல்பெர்கர் அறிமுகப்படுத்திய ஃபுளூரோயுராசில் மருந்தும் இந்த வகைதான். அதன் மாத்திரை வடிவம் கேப்சிடபைன். பெருங்குடல் புற்றுநோய்க்குப் பலர் வீட்டிலிருந்தபடியே சாப்பிடும் மாத்திரை இது. பக்கத்து வீட்டு மாமா சாப்பிட்டது இதுவாக இருக்கலாம். இந்த மாத்திரையில் முடி கொட்டுவது குறைவு. அதற்குப் பதிலாக உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். ஆகவே ஒருவருடைய கீமோவை இன்னொருவருடைய கீமோவோடு ஒப்பிடுவதில் பயனில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் மருந்து வேறு.

சிவப்பு மருந்து

மூன்றாவது வகை, சுருளைக் குறிவைக்கிறது. 2 மீட்டர் இழையைக் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உருண்டைக்குள் சுருட்டி வைத்தால், பிரிக்கும்போது முறுக்கு விழத்தானே செய்யும்? தாம்புக்கயிற்றின் இரு புரிகளையும் நடுவிலிருந்து பிரித்துப் பார்த்தால் தெரியும். முறுக்கை எடுக்க உயிரணுவுக்குள் ஒரு நொதி இருக்கிறது. அது இழையை வெட்டி, முறுக்கை எடுத்துவிட்டு, மீண்டும் ஒட்டிவிடும். டாக்சோரூபிசின் என்ற மருந்து, வெட்டிய பிறகு ஒட்டவிடாமல் அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. வெட்டு வெட்டாகவே நிற்கும். உயிரணு தாங்காது.

மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிடமிருந்து இத்தாலிய ஆய்வாளர்கள் எடுத்த மருந்து இது. ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்றும் அழைக்கப்படுகிறது. நல்ல சிவப்பு நிறம். ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். இரத்தம் என்று பயந்து அலறுபவர்கள் உண்டு; அது மருந்தின் நிறம். ஆனால் இந்த மருந்து இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியது. ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் இவ்வளவுதான் தரலாம் என்று அளவு உண்டு. அதனால்தான் தொடங்கும் முன் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள்.

நித்தியகல்யாணியும் யூ மரமும்

நான்காவது வகை, கயிற்றைக் கெடுப்பது. நகல் எடுத்த கட்டுகளை இரு பக்கமும் இழுக்க, உயிரணு அந்த நேரத்துக்கென்று நுண்ணிய குழல்களாலான கயிறுகளைக் கட்டுகிறது. வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறது.

வீட்டு வாசலிலும் சாலை ஓரத்திலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதவர் இருக்க முடியாது. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். நீரிழிவுக்குக் கைவைத்தியமாக இதைக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, 1950களில் ஜமைக்காவிலிருந்து இதன் இலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. அங்கே ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் வெள்ளை அணுக்கள் குறைந்து, எலிகள் கிருமி தொற்றி இறந்தன. சர்க்கரைக்கு மருந்து தேடியவர்களுக்குப் புற்றுநோய் மருந்து கிடைத்தது. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய இரண்டும் இந்தச் செடியிலிருந்து வந்தவை. இவை கயிற்றைக் கட்டவே விடுவதில்லை.

பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்த பாக்லிடாக்செல் இதற்கு நேர்மாறானது. அது கயிற்றைக் கட்ட விடும், அவிழ்க்க விடாது. இதை 1979இல் நியூயார்க்கில் கண்டறிந்து சொன்னவர் சூசன் ஹார்விட்ஸ் என்ற பெண்மணி. கயிறு கட்டாவிட்டாலும் இழுக்க முடியாது. கட்டிய கயிறு இறுகிப்போனாலும் இழுக்க முடியாது. இரண்டு மருந்துகளும் எதிரெதிர் வழியில் சென்று ஒரே இடத்தில் முடிகின்றன. 1992இல் சினைப்பைப் புற்றுநோய்க்கும், 1994இல் மார்பகப் புற்றுநோய்க்கும் பாக்லிடாக்செல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நரம்புகளுக்குள்ளும் இதே வகைக் குழல்கள்தாம் சரக்குப் பாதையாக இருக்கின்றன. எனவே இந்த மருந்துகளில் விரல் நுனி மரத்துப்போகும். ஊசி குத்துவதுபோல் இருக்கும். சட்டைப் பொத்தான் போடச் சிரமமாக இருந்தால், வயதாகிவிட்டது என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்க வழி உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாசலில் இருக்கும் செடிதானே என்று நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் ஒரு பெரியவருக்கு ஒரு தடவைக்குத் தரும் வின்கிரிஸ்டின், வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அவ்வளவு கடுமையான மருந்து. கஷாயத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அது வைத்தியமன்று, நஞ்சு.

கொல்வது யார்?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வியப்பான உண்மை. பெரும்பாலும் மருந்து நேரடியாக உயிரணுவைக் கொல்வதில்லை. அது கெடுதலை மட்டும் செய்கிறது. உயிரணுவுக்குள் ஒரு காவல்காரர் இருக்கிறார். பி53 என்ற புரதம் அது. பத்திரம் கெட்டுப்போனதைக் கண்டால் முதலில் வேலையை நிறுத்தச் சொல்லும். சரிசெய்ய முடிந்தால் சரிசெய்யும். முடியாவிட்டால், உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளக் கட்டளையிடும். இந்த அடக்கமான சாவுக்கு 1972இல் ஓர் ஆய்வுக்குழு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டது. மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

பல புற்றுநோய்களில் இந்தக் காவல்காரரே பழுதாகியிருக்கிறார். அந்த உயிரணுக்கள் அடிபட்டும் சாகாமல் நிற்கும். வேறு சில, மருந்து உள்ளே வரவர அதை வெளியே இறைத்துவிடும் பம்பை வைத்திருக்கும். ஒரு மருந்துக்குத் தப்பியது இன்னொரு மருந்துக்குத் தப்பாமல் போகலாம். எனவேதான் ஒரே மருந்தை நம்பாமல், வெவ்வேறு வழியில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். 1960களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் எமில் ஃபிரை, எமில் ஃபிரைரைக் ஆகிய இருவரும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, பலர் அதைக் கொடுமை என்றார்கள். அந்த வழியில் தொடர்ந்து நடந்ததன் பலன், இன்று வசதி மிக்க நாடுகளில் அந்த நோய் கண்ட 100 குழந்தைகளில் சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள்

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருவோம். நடுவில் நிறுத்தினால் என்ன?

ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் சுமார் 100 கோடி உயிரணுக்கள் இருக்கும். அமெரிக்காவின் அலபாமாவில் ஹவர்ட் ஸ்கிப்பர் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்து ஒன்றைக் கண்டறிந்தார். ஒரு தடவை மருந்து கொடுத்தால் இத்தனை உயிரணு சாகும் என்பதில்லை. இத்தனை விழுக்காடு சாகும். புரிந்துகொள்வதற்காக ஒவ்வொரு சுற்றிலும் 100க்கு 90 சாவதாக வைத்துக்கொள்வோம். 100 கோடி, முதல் சுற்றில் 10 கோடியாகும். இரண்டாவதில் 1 கோடி. மூன்றாவதில் 10 இலட்சம். நான்காவதில் 1 இலட்சம். இந்த நிலையில் எந்த ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. கைக்கும் தட்டுப்படாது. "எல்லாம் போய்விட்டது" என்று வீடே மகிழும். ஆனால் 1 இலட்சம் உயிரணுக்கள் உயிரோடு இருக்கின்றன. நிறுத்தினால் அவை திரும்பவும் பிரியத் தொடங்கும். மனித உடலில் கணக்கு இவ்வளவு ஒழுங்காக நடக்காது என்றாலும், பாடம் இதுதான்: கண்ணுக்குத் தெரியாதது இல்லாமல் போனதாகாது.

அறுவைச் சிகிச்சைக்கும் இதே கணக்குத்தான். கத்தி, கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுக்கிறது. அதற்கு முன்பே இரத்தத்தின் வழியே புறப்பட்டுப்போன சில உயிரணுக்களைக் கத்தியால் தேட முடியாது. மருந்து, இரத்தம் போகும் இடமெல்லாம் போகும். 1976இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர் ஜியானி பொனடோனா, நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்த மார்பகப் புற்றுநோயில் இதை எடுத்துக்காட்டினார். அறுவை மட்டும் செய்துகொண்ட பெண்களில் 100க்கு 24 பேருக்கு, ஆய்வு தொடங்கிய 27 மாதத்திற்குள் நோய் திரும்பியிருந்தது. அறுவைக்குப் பின் மூன்று மருந்துகள் சேர்த்துப் பெற்றவர்களில் 100க்கு 5 பேருக்கே திரும்பியது. நாளடைவில் இந்த இடைவெளி குறைந்தாலும், 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் நன்மை நிலைத்திருந்தது.

எல்லாருக்கும் இது தேவை என்றும் சொல்ல முடியாது. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோயில் ஒரு வகையினருக்கு, கட்டியின் மரபணுக்களைச் சோதித்துப் பார்த்து, கீமோ வேண்டாம் என்று நம்பிக்கையோடு சொல்லலாம் என 2018இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே வேண்டுமா வேண்டாமா என்பதைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

ஏன் இந்த வேதனை? ஏன் இந்த இடைவெளி?

வேகமாகப் பிரியும் உயிரணுவை மருந்து தேடிப் பிடிக்கிறது. அது புற்றா, நல்லதா என்று அதற்குத் தெரியாது. முடியின் வேர், வாயின் உட்புறம், குடலின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் வேகமாகப் பிரிபவை. எனவேதான் முடி கொட்டுகிறது, வாய்ப்புண் வருகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. நல்ல உயிரணுக்கள் தேறி எழ அவகாசம் வேண்டும். பல மருந்துகளுக்கு மூன்று வார இடைவெளி விடுவது அதற்காகத்தான். முடி பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.

வாந்திக்கு அஞ்சுகிறவர்கள் முந்திய தலைமுறையின் கதையைக் கேட்டவர்கள். 1990களில் ஒண்டான்செட்ரோன் போன்ற மருந்துகள் வந்தபின் வாந்தியைப் பெருமளவு அடக்க முடிகிறது. வெள்ளை அணுக்களைத் தூண்டி வளர்க்கும் ஊசியும் அதே காலத்தில் வந்துவிட்டது.

மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. மருந்து ஏற்றி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்திற்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமோல் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முதல் வார்த்தையாக "கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்ல வேண்டும்.

கூடவே சாப்பிடும் வைட்டமின், மூலிகை, நாட்டு மருந்து எதையும் மறைக்கக் கூடாது. ஃபோலிக் அமிலத்தின் கதையை இப்போது நினைத்துப் பாருங்கள். சத்து மாத்திரைதானே என்று சாப்பிடும் ஃபோலிக் அமிலம் மெதோட்ரெக்சேட்டின் வேலையைக் கெடுக்கலாம். கேப்சிடபைனின் கடுமையையோ கூட்டலாம். ஒரே வைட்டமின், இரண்டு மருந்துகளிடம் எதிரெதிர் விளைவு.

புதியவை வந்த பிறகும்

2001இல் இமாடினிப் என்ற மாத்திரை வந்தபோது, ஒரு வகை இரத்தப் புற்றுநோயின் வேரையே குறிபார்த்து அடிக்க முடிந்தது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் சிகிச்சைக்கு வழிகண்ட இருவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. கீமோவின் காலம் முடிந்துவிட்டது என்று பேசப்பட்டது. முடியவில்லை. புதிய மருந்துகள் பல, கீமோவோடு சேர்த்தே தரப்படுகின்றன. சிலவற்றில் கீமோ மருந்தையே ஒரு புரதத்தின் முதுகில் கட்டி, புற்று உயிரணுவின் வாசலிலேயே இறக்கிவிடுகிறார்கள். முகவரி எழுதிய தபால் போல. பழைய மருந்துதான், போகும் வழிதான் புதிது.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்

காத்திருக்கும் அந்தக் குடும்பத்திடம் இப்போது திரும்புவோம். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் ஒரு முறையில், முதல் நான்கு சுற்றுகளில் டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் ஏற்றப்படும். அதன் பிறகுதான் பாக்லிடாக்செல் தொடங்கும். அதாவது முதல் பாதியில் பத்திரமும் சுருளும் தாக்கப்படுகின்றன. இரண்டாம் பாதியில் கயிறு தாக்கப்படுகிறது. நான்கோடு நிறுத்துகிறவர், மீதி மருந்தை மட்டும் விடவில்லை. முதல் இரண்டுக்கும் தப்பிய உயிரணுக்களை வேறு வழியில் பிடிக்க வந்த காவலரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்.

உடம்பு தாங்காதபோது அளவைக் குறைக்கலாம். ஒரு வாரம் தள்ளிப் போடலாம். மருந்தை மாற்றலாம். சில வேளைகளில் நிறுத்துவதே சரி என்று மருத்துவரே சொல்லலாம். ஆனால் அந்த முடிவை எடுக்கும் இடம் மருத்துவரின் மேசை; சாப்பாட்டு மேசை அன்று.

அடுத்த தேதி வரும்போது அம்மாவை அழைத்துப்போங்கள். போகும்முன் மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எதைத் தாக்குகிறது, இன்னும் எத்தனை சுற்று என்று அவரே கேட்கட்டும். என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்த நாற்காலியில் உட்கார்வது கொஞ்சம் எளிதாகிறது.